வரிசையும் வரவும்

ஐப்பசி மாதம் பிறப்பதற்கு முன்பே ஜவுளிக் கடைகளின் விளம்பரங்கள் பிறந்து விடுகின்றன. பத்திரிகையைப் பிரித்தால் விளம்பரம். தெருவில் இறங்கினால் விளம்பரம். கைப்பேசியை எடுத்தால் அங்கேயும் அதே விளம்பரம். இத்தனை பேர் ஒருமிக்கக் கூடி நம்மைச் சந்தோஷமாயிருக்கும்படி வற்புறுத்தும் காலம் வருஷத்தில் வேறொன்று கிடையாது. ஆயினும் அந்தச் சமயத்தில் மத்தியதரக் குடும்பத் தலைவர்களின் முகத்தைச் சற்று உற்று நோக்கினால், நரகாசுரன் சதுர்த்தசி வரையில் காத்திராமல் முன்கூட்டியே வந்து குடியேறி விட்டானோ என்று தோன்றும். காகிதமும் பேனாவுமாக அவர்கள் போடும் கணக்கில், கூட்டல் மாத்திரம் இருக்கிறதே தவிரக் கழித்தல் இருப்பதில்லை.

கொடுப்பதைக் குறை கூறுவதற்காக நாம் இதை எழுதவில்லை. வருஷம் முழுவதும் வாடகை, பள்ளிச் சம்பளம், மருந்துச் சீட்டு என்று கணக்குப் பார்த்தே கழிக்கும் மனிதன், ஒரு நாளாவது பிறர் முகம் மலர்வதற்காகக் கைப்பணத்தைச் செலவிடுகிறான் என்றால் அது மெச்சத் தகுந்த காரியமே. பண்டிகையின் ஜீவன் அதிலேதான் இருக்கிறது. ஆனால் என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, யாருக்காகக் கொடுப்பது என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டுக் கொள்ளாமல் கொடுக்கிறவர்களே நம்மில் அதிகம். அதைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

தமிழ் நாட்டில் கொடைக்கு உதாரணம் தேடி வெகு தூரம் போகவேண்டியதில்லை. முல்லைக் கொடி பற்றிப் படரத் தேரைக் கொடுத்தான் பாரி. மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணிப் போர்வையைக் கொடுத்தான் பேகன். உண்டவருக்கு நீண்ட ஆயுளைத் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் அதியமான். இம்மூன்று கதைகளையும் நாம் வகுப்பில் எத்தனையோ வருஷங்களாகச் சொல்லி வருகிறோம். சொல்லும்போதெல்லாம் யாராவது ஒரு பையன் எழுந்து, "மயில் போர்வையை வைத்துக் கொண்டு என்ன செய்யும், சார்?" என்று கேட்கத் தவறுவதில்லை. கேள்வி நியாயமானதே. பேகனுடைய உள்ளம் பெரிது. ஆனால் மயிலுக்குப் போர்வையால் உபயோகம் இல்லை. பாரியின் தேரோ விலை மதிப்பற்றது. கொடிக்கு ஒரு மூங்கில் கழியே போதும். அதியமான் கொடுத்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு காய். ஆனால் அது யாருக்கு வேண்டும் என்பதை அவன் அறிந்து கொடுத்தான். முதல் இருவரையும் போற்றுவோம். ஆனால் பின்பற்றுவதற்கு மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்கு அதியமான்தான் ஏற்றவன்.

பரிசு என்பது எப்போது பாரமாகிறது? பதில் மரியாதை செய்தாக வேண்டும் என்ற பயம் அதில் புகுந்தவுடனே பாரமாகிறது. மார்செல் மாஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1925-இல் பரிசைப் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சி எழுதினார். பசிபிக் தீவுகளிலும் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் வாழ்ந்த மக்களின் வழக்கங்களை எடுத்துக் கொண்டு, பரிசில் மூன்று கடமைகள் பின்னிக் கிடக்கின்றன என்று அவர் காட்டினார்: கொடுக்க வேண்டிய கடமை, வாங்கிக் கொள்ள வேண்டிய கடமை, திருப்பிச் செய்ய வேண்டிய கடமை. அந்த அமெரிக்கக் கரையில் இருந்த தலைவர்கள், ஒருவரை ஒருவர் மிஞ்சுவதற்காகக் கம்பளங்களைக் கொளுத்துவதும், மதிப்பு வாய்ந்த செப்புத் தகடுகளை உடைத்து எறிவதும் உண்டாம். "இப்படியும் மூடத்தனம் உண்டா?" என்று நாம் சிரிக்கலாம். ஆனால் போன வருஷம் சம்பந்தி வீட்டார் எட்டுத் தட்டு வரிசை வைத்தார்கள் என்பதற்காக இந்த வருஷம் பதினோரு தட்டுக்குக் கடன் வாங்குகிறவர் அந்தத் தலைவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. அவர்கள் கொளுத்தியது தங்கள் சொந்தக் கம்பளங்களையாவது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சில வருஷங்களுக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறோம். தகப்பனார் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மூத்த பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் முடிந்து தலை தீபாவளி வந்தது. கல்யாணக் கடனே பாதி அடையவில்லை. ஆனாலும் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கவலை அவருக்கு. மாப்பிள்ளையோ அவர் பெற்றோரோ மோதிரம் என்று வாயைத் திறக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கேட்டவர்கள் ஒருவரும் இல்லை, பயந்தவர் ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். மோதிரம் வந்தது. விடியற்காலையில் கங்கா ஸ்நானத்துக்குப் பெண்ணை மணையில் உட்கார்த்தித் தாயார் தலையில் எண்ணெய் வைத்தாள். பெண் நிமிர்ந்து பார்த்து, "அம்மா, வளை எங்கே?" என்று கேட்டாள். "எண்ணெய்க் கை வழுக்குமே என்று கழற்றி வைத்திருக்கிறேன், கண்ணு" என்றாள் தாயார். மாவாட்டும்போதும் துணி துவைக்கும்போதும்கூட அந்த இரண்டு வளைகளையும் தாயார் கழற்றியதில்லை என்பது பெண்ணுக்குத் தெரியும். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்று அவள் உடுத்திக் கொண்ட பட்டுப் புடவையில் அவளுக்குச் சந்தோஷம் இருந்திருக்குமா? மோதிரத்தை மாப்பிள்ளை இரண்டொரு மாதம் போட்டுக் கொண்டார். பிறகு அது பீரோவுக்குள் போயிற்று. வளைகளை மீட்பதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

இத்தகைய காரியங்களில் சர்க்காரின் சட்டங்கூட நம்மைவிட நிதானமாக யோசித்திருக்கிறது. 1961-ஆம் வருஷத்து வரதக்ஷிணைத் தடைச் சட்டம், கல்யாணத்தின்போது கொடுக்கும் பரிசுகளை அடியோடு விலக்கவில்லை. கேட்டு வாங்கியதாக இருக்கக் கூடாது என்கிறது. பெண் வீட்டார் கொடுப்பது வழக்கத்தை ஒட்டியதாகவும், கொடுப்பவரின் பொருள் நிலைக்கு அதிகப்படாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பரிசுகளுக்கு ஜாபிதா எழுதி வைக்க வேண்டும் என்று 1985-இல் விதிகளும் வந்தன. கல்யாணப் பரிசுக்குச் சொன்ன இந்த அளவுகோலைத் தலை தீபாவளிக்கும், பொங்கல் சீருக்கும், மற்ற வரிசைகளுக்கும் நாமாகவே வைத்துக் கொண்டால் என்ன நஷ்டம்? கேளாமல் கொடுத்தது, சக்திக்குள் கொடுத்தது என்ற இரண்டு லக்ஷணமும் இல்லாத பொருளுக்குப் பரிசு என்று பெயர் வைப்பது தமிழுக்கே அநியாயம்.

"விலை உயர்ந்ததைக் கொடுத்தால்தானே அன்பு தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். இதையும் சில அறிஞர்கள் பரீக்ஷை செய்து பார்த்திருக்கிறார்கள். 2009-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, விலை ஏற ஏற வாங்கிக் கொள்பவரின் மகிழ்ச்சியும் ஏறும் என்று கொடுப்பவர்கள் நம்புகிறார்கள். வாங்கிக் கொண்டவர்களின் மகிழ்ச்சிக்கும் விலைக்கும் அப்படிப்பட்ட சம்பந்தம் காணப்படவில்லை. இதற்கு முன்பே, 1993-இல், ஜோயல் வால்ட்ஃபோகல் என்னும் பொருளாதார அறிஞர் யேல் சர்வகலாசாலை மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி விசாரித்தார். பரிசின் விலை என்ன இருக்கும், அதே பொருளுக்கு நீங்களாக என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டுக் கணக்கிட்டதில், பரிசுகளின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையில் வீணாகிறது என்று கண்டார். அதாவது ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பொருள், பெற்றவர் கண்ணில் தொள்ளாயிரத்துக்கோ அல்லது அறுநூற்றறுபத்தேழுக்கோதான் பெறும். நெருங்கிய சிநேகிதர்கள் கொடுத்ததில் நஷ்டம் குறைவு. அபூர்வமாய்ப் பார்க்கும் பந்துக்கள் கொடுத்ததில் அதிகம். ஆளை அறிந்தவர் கொடுத்த பொருளே பொருந்துகிறது என்பது இதன் சாராம்சம். கடல் கடந்து வந்த இந்தச் சித்தாந்தத்தை நம் பாட்டிமார்கள் ஒரு புள்ளிவிவரமும் இல்லாமல் அறிந்திருந்தார்கள். எந்தப் பேரனுக்கு முறுக்கு, எந்தப் பேரனுக்கு அதிரசம் என்பதில் அவர்கள் ஒரு நாளும் பிசகினதில்லை.

ஆகவே முதல் வேலை, ஆளை அறிவது. அறியாவிட்டால் கேட்டுவிடுவது. கேட்டுக் கொடுத்தால் பரிசின் ரசம் போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2011-இல் செய்த மற்றோர் ஆராய்ச்சியில், தாங்கள் விரும்பிக் குறிப்பிட்ட பொருளைப் பெற்றவர்களே அதிக மகிழ்ச்சி அடைந்தார்கள் என்று தெரிய வந்தது. நம் வழக்கப்படி நேரே கேட்பது கூச்சமாயிருந்தால், தங்கையின் மூலமாகவோ குழந்தைகள் மூலமாகவோ கேட்கலாம். இன்னும் நல்ல வழி, வருஷம் முழுவதும் காதைத் திறந்து வைத்துக் கொண்டிருப்பது. "இந்த மூக்குக் கண்ணாடிக் கூடு பிய்ந்து விட்டது" என்று ஆடியில் அப்பா சொன்னதைக் குறித்து வைத்திருந்து ஐப்பசியில் ஒரு நல்ல கூடு வாங்கித் தருகிற பிள்ளை, நூறு ரூபாய்ச் செலவில் ஆயிரம் ரூபாய்ப் பெயர் வாங்குகிறான். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் வீட்டார் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அவ்வப்போது காதில் விழுவதை எழுதி வரும்படி இல்லத்தரசிகளுக்குச் சிபாரிசு செய்கிறோம்.

இரண்டாவது வேலை, பையை அறிவது. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. கடைக்குப் போன பிறகு அளப்பது அளப்பதாகாது. போவதற்கு முன்பே மொத்தத் தொகையை நிர்ணயித்துவிட வேண்டும். போனஸ் சட்டம் 1965-இல் வந்தது; குறைந்தபட்ச போனஸ் பின்னர் 8.33 சதவீதம் என்று நிலைபெற்றது. பன்னிரண்டில் ஒரு பங்கு என்று அர்த்தம். ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். ஒரு மாதச் சம்பளத்தை வாங்கி இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சாமான் வாங்கினால் எஞ்சிய ஒரு மாதத்தை யார் கொடுப்பது? கிரெடிட் கார்டு கொடுக்கும் என்பார்கள். கொடுக்கத்தான் கொடுக்கும், ஆனால் தவணை தப்பினால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்கும் மேல் வட்டி கேட்கும் கார்டுகளே பெரும்பாலானவை. பத்தாயிரம் ரூபாய் பாக்கி நின்றால் மாதம் முந்நூறு ரூபாய்க்கு மேல் வட்டிக்கே சரியாகும். மத்தாப்பு ஒரு நிமிஷம் எரிகிறது. அதன் வட்டி மாசி மாதம் வரையில் எரிகிறது.

திட்டம் போடுவதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறோம். பரிசுக்கென்று ஒரு குடும்பத்தால் ஆறாயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்று வைத்துக் கொள்வோம். வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்கு 1,500. பெற்றோர் இருவருக்கும் 2,000. தங்கை வீட்டுக்கு 1,200. அண்ணன் தங்கை குழந்தைகள் மூவருக்கும் தலைக்கு 300 வீதம் 900. அண்டை அயலாருக்குப் பலகாரச் சாமான் 400. ஆகக் கூடி ஆறாயிரம். இந்த ஜாபிதாவில் வேலைக்காரியை முதலில் எழுதியிருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். காரணத்தோடுதான் எழுதினோம். வழக்கமாக அவள் பெயர் கடைசியில் வருகிறது. கடைசிப் பெயருக்கு வரும்போது பணம் தீர்ந்து போகிறது. பிறகு பெட்டியின் அடியில் கிடக்கும் சாயம் போன புடவை ஒன்று 'தீபாவளிப் புடவை' என்ற பட்டத்தோடு அவள் கைக்குப் போகிறது. ஒரு பொருளைக் கொடுத்து ஒருவரை அவமதிக்கவும் முடியும் என்பதற்கு இது ஒன்றே போதும். வருஷத்தில் முந்நூறு நாள் நம் பாத்திரத்தைத் துலக்குகிறவளுக்குப் புதுப் புடவை கொடுங்கள். அல்லது அவளுக்கு எது வேண்டுமோ அதை வாங்கிக் கொள்ளும்படி ரொக்கமாகக் கொடுங்கள். வாசற்படிக்கு வெளியே நிறுத்தி வீசாமல், வெற்றிலை பாக்கு மஞ்சளோடு தட்டில் வைத்துக் கொடுங்கள். அதற்குத் தனியாகச் செலவு கிடையாது.

இனி என்ன வாங்குவது என்பதைப் பார்ப்போம். நம் நாட்டில் கைத்தொழிலுக்குக் குறைவில்லை. அவற்றை வாங்குகிற கண்களுக்குத்தான் குறைவு. 2019-20-இல் எடுத்த கைத்தறிக் கணக்கின்படி இந்தியாவில் நெசவாளரும் அதைச் சார்ந்த வேலை செய்பவருமாக 35 லக்ஷம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் ஸ்திரீகள். நாம் ஒரு கைத்தறித் துண்டு வாங்கிக் கொடுத்தால் அந்தப் பரிசு இரண்டு வீட்டுக்குப் போகிறது: பெற்றவர் வீட்டுக்கு ஒன்று, நெய்தவர் வீட்டுக்கு ஒன்று. 1905 ஆகஸ்டு 7-இல் கல்கத்தாவில் எழுந்த சுதேசிக் கிளர்ச்சியின் நினைவாக, 2015 முதல் அந்தத் தேதியைத் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆகஸ்டில் கொண்டாடிவிட்டு ஐப்பசியில் மறப்பது அழகல்ல. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவர்களும் உண்டாகையால், 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவுக் கடைகளில் பண்டிகைத் தள்ளுபடியும் கிடைக்கிறது.

புடவை வேஷ்டிதான் வாங்க வேண்டும் என்பதில்லை. திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை என்று ஓர் ஊர். தாமிரபரணிப் பக்கத்துக் கோரையை ஊற வைத்து, மெல்லியதாகக் கிழித்து, பருத்தி நூற் பாவில் ஊடு கொடுத்துப் பாய் நெய்கிறார்கள். மணமக்களின் பெயரை அதிலேயே நெய்து கொடுப்பதும் உண்டு. தலை தீபாவளிக்கு வரும் தம்பதிகளுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கொடுத்துவிட முடியும்? பவானியில் நெய்யும் பட்டை போட்ட ஜமக்காளம் ஒன்று வீட்டில் இருந்தால் விருந்தாளி எத்தனை பேர் வந்தாலும் கவலையில்லை. பனையோலையில் முடையும் செட்டிநாட்டுக் கொட்டானில் பலகாரத்தை வைத்துக் கொடுத்தால், பலகாரம் தீர்ந்த பிறகும் கொட்டான் பேர் சொல்லும். குழந்தைகளுக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை இருக்கவே இருக்கிறது. எத்தனை தடவை சாய்த்தாலும் எழுந்து நிற்கும் அந்தப் பொம்மையிடம் பெரியவர்களும் பாடம் கற்றுக் கொள்ளலாம்.

பலகார விஷயத்தில் ஒரு விசித்திரம் நடந்து வருகிறது. தங்க நிறக் காகிதம் சுற்றிய பெட்டிகள் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குப் போய், பிரிக்கப்படாமலே மூன்றாம் வீட்டுக்குப் போய், சில சமயங்களில் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேருகின்றன. க்ஷேத்திர யாத்திரை செய்து திரும்பிய அந்தப் பெட்டியை வரவேற்க வேண்டியதுதான். ஆனால் உள்ளே இருப்பதை உண்ண முடிவதில்லை. பெட்டிக்கும் ரிப்பனுக்கும் கொடுக்கும் பணத்தில் வீட்டிலேயே ஒரு படி மாவுக்கு முறுக்குச் சுற்றலாம். அவகாசம் இல்லாதவர்களுக்கு நம் ஊர்ப் பண்டங்கள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-லும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-லும் புவிசார் குறியீடு பெற்றன. வெல்லமும் வேர்க்கடலையும் சேர்ந்த எளிய பண்டத்துக்கு இத்தனை கௌரவம் கிடைத்திருக்கும்போது, அதை வாங்கிக் கொடுப்பதற்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

புஸ்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் உத்தியோகத்துக்கே துரோகமாகும். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டபடியால், 'பொன்னியின் செல்வன்' மலிவான பதிப்புகளில் கிடைக்கிறது. ஐந்து பாகங்களையும் ஒரே தடவையில் கொடுக்கச் சக்தியில்லாதவர்கள் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, வருஷப் பிறப்புக்கு ஒன்று என்று கொடுக்கலாம். ஒரே ஓர் அபாயம்: முதல் பாகத்தை முடித்த பெண், பொங்கல் வரையில் பொறுத்திருக்க மாட்டாள். சென்னைவாசிகளுக்கு 1977-இல் ஆரம்பித்த புத்தகக் கண்காட்சி, பொங்கலை ஒட்டி நடப்பது ஒரு சௌகரியம். புஸ்தகத்தின் முதல் பக்கத்தில் தேதியிட்டு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். இருபது வருஷம் கழித்துக் கதை மறந்து போகலாம். அந்த இரண்டு வரி மறக்காது.

பணமே செலவில்லாத பரிசுகளும் உண்டு. மற்றொரு வீட்டில் தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு ஒரு கைத்தறி வேஷ்டியும், ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தார்கள். நோட்டில் பெண்ணின் பாட்டி தன் கைப்படத் தீபாவளி லேகியம் கிளறும் விதத்தை எழுதியிருந்தாள். சுக்கு இவ்வளவு, மிளகு இவ்வளவு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் என்று அளவுகளோடு, எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பதும் இருந்தது. தம்பதிகள் வசிப்பது வட நாட்டில். அங்கே லேகியம் கிளற யாரும் வரப் போவதில்லை என்பதைக் கிழவி யோசித்திருக்கிறாள். இப்போது பாட்டி இல்லை. ஒவ்வோர் ஐப்பசியிலும் அந்த மாப்பிள்ளைதான் நோட்டைப் பார்த்து லேகியம் கிளறுகிறாராம். அந்த நோட்டின் விலை என்ன என்று எந்தக் கடைக்காரராவது சொல்ல முடியுமா?

கொடுப்பவருக்கு இவ்வளவு சொன்ன பிறகு, பெறுபவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பார்கள். பார்க்காமலிருப்பது பெரிதல்ல, பார்க்கும் ஆசையே எழாமலிருக்க வேண்டும். மருமகள் பிறந்தகத்திலிருந்து திரும்பி வந்ததும், "என்ன போட்டார்கள், என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்கும் வழக்கத்தை மாமியார்மார் விட்டுவிட்டால், தேசத்தில் பாதி அடகுக் கடைகளில் கூட்டம் குறையும். அதற்குப் பதிலாக, "அப்பா அம்மா சௌக்கியமா? நன்றாய்ப் பொழுது போயிற்றா?" என்று கேட்கலாம். பிள்ளை வீட்டார் இன்னும் ஒருபடி மேலே போய், புரட்டாசியிலேயே சம்பந்திக்கு ஒரு கடிதம் போடலாம்: "பெண்ணும் மாப்பிள்ளையும் சந்தோஷமாய் வந்து போகட்டும், வேஷ்டி புடவைக்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம், செய்தால் எங்களுக்கு வருத்தம்" என்று. கொடுக்க வேண்டிய பாரத்தை இறக்கி வைப்பதும் ஒரு கொடைதான். பெண்ணைப் பெற்றவருக்கு அதைவிட உயர்ந்த தீபாவளிப் பரிசு கிடைக்கப் போவதில்லை.

நம் நேயர்களில் பிள்ளையைப் பெற்றவர்கள் அநேகர் இருப்பார்கள். புரட்டாசி முடிய இன்னும் நாள் இருக்கிறது. தபால் கார்டு இல்லாவிட்டாலும் கைப்பேசி இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கே சொல்லிவிட்டால், எங்கோ ஒரு வீட்டில் தாயாரின் கையில் இரண்டு வளைகள் இருந்தபடியே இருக்கும்.